சாரத்தில் இருந்து விழுந்தவர் 'வீட்டில் வழுக்கி விழுந்தவர்' ஆகும் மாயம்! எந்தக் காகிதம் வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை

(நமது நிருபர்)

செங்கல்பட்டு:

திங்கட்கிழமை காலை. செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசு வாசல். வெயில் ஏறுவதற்கு முன்பே மனு கொடுக்கிற கூட்டம் வரிசை கட்டி நிற்கிறது. போலீசார் ஒவ்வொருவர் பையையும் பிரித்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டிலைக்கூட மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள்.

மனு கொடுக்க வருகிறவரை எதற்குச் சோதனை போட வேண்டும்? காரணம் இருக்கிறது. 2017-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி நெல்லை கலெக்டர் ஆபீசு வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, 2 பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். கந்து வட்டிக் கொடுமை. பல தடவை மனு கொடுத்தும் பலன் இல்லை என்பதுதான் அந்தக் குடும்பத்தின் புகார். நாலு பேரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீசு வாசலில் பை சோதனை என்பது வழக்கமாகிவிட்டது.

பையில் கேன் இருக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்கிறது. அதே பையில் இருக்கிற காகிதம் சரியான காகிதம்தானா என்று பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை!

மஞ்சள் பை

வேப்பமரத்து நிழலில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம். மடியில் மஞ்சள் பை. சித்தாள் வேலை. புருஷன் கொத்தனார். 3 மாதத்துக்கு முன்பு வேலை செய்த இடத்தில் சாரத்தில் இருந்து விழுந்து, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

"கார்டு இருந்திச்சு சார். புதுப்பிக்காம விட்டுட்டாரு. கார்டு செத்துப்போச்சு, இனிமே ஒண்ணும் வராதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. அதான் விதவைப் பணமாவது கேக்கலாம்னு வந்தேன்" என்றார்.

கையில் ஒரு மனு. எழுதிக் கொடுத்தவருக்கு நூறு ரூபாய். 'சமூகம் உயர்திரு கலெக்டர் அய்யா அவர்கள்' என்று தொடங்கி, 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிகிறது. நடுவில் எல்லாம் இருக்கிறது. புருஷன் எங்கே, எப்படி இறந்தார் என்பது மட்டும் இல்லை!

அந்த ஒரு வரியில்தான் பல லட்ச ரூபாய் தொங்குகிறது என்பது எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை. எழுதச் சொன்னவருக்கும் தெரியவில்லை.

முதல் ஒரு மணி நேரம்

போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி என்று செய்திக்கு அலைகிற எனக்கு அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி இது. கட்டிட வேலையில் ஒருவர் விழுகிறார். மேஸ்திரி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வருகிறார். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி: "எப்படி அடிபட்டது?"

அந்தக் கேள்விக்கு யார் என்ன பதில் சொல்கிறார்களோ, அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. ஆஸ்பத்திரியில் 'ஏ.ஆர். காப்பி' என்று சொல்வது இதைத்தான். கூட வந்தவர் மேஸ்திரி. பதில் சொல்கிறவரும் மேஸ்திரிதான். "வீட்ல வழுக்கி விழுந்துட்டாரு சார்."

தீர்ந்தது. நாலாவது மாடிச் சாரத்தில் இருந்து விழுந்தவர், காகிதத்தில் குளியல் அறையில் வழுக்கி விழுந்தவர் ஆகிவிட்டார். சில இடங்களில் அதுவும் வேண்டாம் என்று 'நெஞ்சு வலி' ஆக்கி விடுகிறார்கள். பிணப் பரிசோதனை வேண்டாம், போலீஸ் கேஸ் வேண்டாம், காரியத்துக்கு இருபதாயிரமோ முப்பதாயிரமோ தருகிறேன் என்று ஒரு பேச்சு. அழுதுகொண்டு நிற்கிற பெண்டாட்டி என்ன செய்வாள்? தலையை ஆட்டுவாள். பிணத்தை அறுக்கக் கூடாது என்று சொந்தக்காரர்களும் சேர்ந்து கொள்வார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் வேலை செய்யும் இடத்தில் விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் உதவித்தொகை உண்டு. இன்னொன்றையும் கேளுங்கள். கட்டிட வேலைக்காரர் வாரியத்தில் பதிவே செய்யாதவராக இருந்தாலும், வேலைத் தளத்தில் விபத்தில் இறந்தால் இந்தத் தொகை உண்டு! கார்டு செத்துப்போச்சு என்று ஊரார் சொன்னது, இந்த விஷயத்தில் தப்பு.

ஆனால் அதற்கு எப்.ஐ.ஆர். வேண்டும். பிணப் பரிசோதனை அறிக்கை வேண்டும். இறந்தது வேலை செய்த இடத்தில் நேர்ந்த விபத்தால் என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். வீட்டில் வழுக்கி விழுந்தவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

நல வாரியப் பணம் தவிர, முதலாளி கொடுக்க வேண்டிய நஷ்ட ஈடு தனி. அதற்கான சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில் 1923-ல் வந்தது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பெயர்ப் பலகை மாறியதே தவிர, பொறுப்பு முதலாளி தலையில்தான். இருபதாயிரம் வாங்கிக்கொண்டு வெள்ளைப் பேப்பரில் கைநாட்டு வைத்தவர்களுக்கு இது தெரிந்தால்தானே!

கார்டு கதை

இந்த வாரியம் ஒன்றும் நேற்று முளைத்தது இல்லை. உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு 1982-லேயே தனிச் சட்டம் போட்டது. கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் ஊர்வலம் போய், மறியல் செய்து, ஜெயிலுக்குப் போய், கடைசியில் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. மத்திய சட்டம் வந்தது அதற்கும் 2 வருஷம் கழித்து 1996-ல்தான். நம் ஊர் கொத்தனாரும் சித்தாளும் டெல்லிக்கு முந்திக்கொண்டார்கள் என்று பெருமையாகவே சொல்லலாம்.

பிறகு ஆட்டோ டிரைவர், தையல்காரர், சலவைத் தொழிலாளி, முடி திருத்துபவர், மண்பாண்டம் செய்பவர், சாலையோர வியாபாரி என்று வரிசையாக வாரியங்கள் வந்தன. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கு 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. தெரியுமா? மாமல்லபுரத்துக் கல் சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோம். அந்தக் கல்லைச் செதுக்கி தூசியை முழுங்குகிறவருக்குக் கைவினைத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது என்பதை எத்தனை பேர் போய் அவரிடம் சொன்னோம்? வீடு வீடாகச் சோற்றுப் பொட்டலம் கொண்டு போகிற மோட்டார் சைக்கிள் பையன்களுக்குக்கூட 2023-ல் தனி வாரியம் வந்துவிட்டது.

வயது 18-ல் இருந்து 60 வரை. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பிள்ளை படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, 60 வயதுக்கு மேல் பென்ஷனுக்கு என்று பணம் உண்டு. 2020 முதல் எல்லாம் ஆன்லைன்.

இங்கேதான் சிக்கல். ஆன்லைன் என்றால் போன் நம்பர். நம்பருக்கு ரகசிய எண் வரும். சித்தாள் கையில் இருக்கிற போனுக்கு வருஷத்துக்கு ஒரு சிம் கார்டு. பழைய நம்பர் போய்விட்டது. ரகசிய எண் யாரோ ஒரு புண்ணியவான் போனுக்குப் போகிறது. ஆதாரில் 'முனியம்மா', ரேஷன் கார்டில் 'முனியம்மாள்'. ஒரு எழுத்துக்கு ஒரு நாள் கூலி போச்சு.

இன்னொரு குழப்பம். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 'இ-ஷ்ரம்' என்ற பதிவைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் கடையில் அரை மணி நேரத்தில் வழவழப்பான அட்டை போட்டுத் தருகிறார்கள். பலரும் அதைப் பையில் வைத்துக்கொண்டு, "எங்கிட்டத்தான் கார்டு இருக்கே சார்" என்கிறார்கள். அய்யா, அது வேறு. நல வாரிய அட்டை வேறு! அதை நீட்டி வாரியப் பென்ஷன் கேட்டால் கிடைக்காது. இதைச் சொல்ல 2 நிமிஷம் போதும். அந்த 2 நிமிஷம் பேசத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் தரகர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இலவசப் பதிவுக்குக் கூலி. உதவித்தொகை வந்தால் அதில் பங்கு. தரகரைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஒருவர்தான் அந்த அம்மாளைப் பார்த்து, "உட்காரும்மா, என்ன விஷயம்?" என்று கேட்கிறார்!

பணம் இல்லாமல் இல்லை. கட்டிடம் கட்டுகிறவர்களிடம் செலவில் ஒரு பங்கு வசூலித்துத்தான் கட்டிடத் தொழிலாளர் வாரியங்கள் நடக்கின்றன. 2018-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பில் கணக்கைப் போட்டுக் காட்டியது. நாடு முழுவதும் கட்டிடத் தொழிலாளர் பெயரில் வசூலானது 37 ஆயிரத்து 400 கோடி ரூபாய்க்கு மேல். செலவானது சுமார் 9 ஆயிரத்து 500 கோடி. மீதி சும்மா கிடந்தது. சட்டம் போட்டு 22 வருஷம் கழித்து இந்த நிலைமை. கஜானாவில் பணம், வேப்பமரத்தடியில் மஞ்சள் பை!

பூஞ்சேரி

செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டினால் மாமல்லபுரம். அதை ஒட்டி பூஞ்சேரி. நரிக்குறவர்களும் இருளர்களும் குடியிருக்கிற இடம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் வருகிற சுற்றுலாக்காரர்களிடம் பாசிமணி விற்றால்தான் அன்றைக்கு உலை. மழை வந்தால் வியாபாரம் இல்லை. கொரோனா வந்தபோது வருஷக்கணக்கில் இல்லை.

2021 அக்டோபரில் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் தங்களை உட்கார விடாமல் விரட்டினார்கள் என்று பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர் ஆவேசமாகப் பேசிய வீடியோ ஊர் முழுக்க ஓடியது. அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு வந்து, அதே கோயிலில் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்து நவம்பர் 4-ந் தேதி, தீபாவளி அன்று, முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்கே நேரில் வந்தார். வீட்டுமனைப் பட்டா, ஜாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, நல வாரிய அட்டை எல்லாம் ஒரே பந்தலில் கையில் கொடுத்தார்கள்.

நல்ல காரியம். வாழ்த்த வேண்டியதுதான். ஆனால் ஒரு நிருபர் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி. அத்தனை காகிதமும் ஒரு வாரத்தில் தயாராக முடியும் என்றால், அதற்கு முன்பு ஏன் முடியவில்லை? அந்த மனுக்களை யாரும் சரியாக எழுதவில்லையா, எழுதியதை யாரும் படிக்கவில்லையா? நரிக்குறவர் நல வாரியம் 2008-லேயே வந்தது. வாரியம் வந்து 13 வருஷம் கழித்து, ஒரு வீடியோ ஓடிய பிறகு அட்டை கைக்கு வருகிறது. வீடியோ எடுக்க போன் இல்லாத ஊரில் என்ன ஆகும்?

ஜாதிச் சான்றிதழ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நரிக்குறவர்கள் அப்போது மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஜனவரி 2023-ல் சட்டமாயிற்று. அதனால் பழைய சான்றிதழ் இருந்தாலும் புதிது வாங்க வேண்டும். பழங்குடி சான்றிதழ் கொடுப்பது தாசில்தார் இல்லை, ஆர்.டி.ஓ.தான். 1989-ல் இருந்தே இதுதான் விதி. இது தெரியாமல் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் தப்பான வாசலில் நிற்கிறார்கள் என்பதைக் காவலாளிகூடச் சொல்லியிருக்கலாம்.

ஆயிரம் ரூபாய் அடிமை

இருளர் கதை இன்னும் மோசம். இந்தப் பகுதியில் பாம்பு பிடிப்பதில் அவர்களுக்கு ஈடு இல்லை. 1972-ம் ஆண்டு வன விலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் படுத்தது. பிழைப்பு போனது. 1978-ல் வடநெம்மேலியில் கூட்டுறவு சங்கம் வைத்து, பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்க ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் பாம்புக்கடி ஊசி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. 2023-ல் இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தண்டரையில் 1986 முதல் இருளர் பெண்கள் நலச் சங்கம் ஒன்றும் இயங்கி வந்திருக்கிறது.

இப்படி சங்கம் எட்டிய இடத்தில் பிழைத்தார்கள். எட்டாத இடத்தில்? அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டும் தோப்பு. முன்பணம் வாங்கினால் முடிந்தது கதை. குடும்பத்தோடு அங்கேயே கிடக்க வேண்டும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். செங்கல்பட்டு அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது அந்த வருஷம் நவம்பரில். மீட்க வந்த அதிகாரி காலில் ஒரு பெரியவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அந்தப் போட்டோவைப் பார்த்து நாடே அதிர்ந்தது. அவர் பட்ட கடன் எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய்!

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அந்தச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் அப்போதே ரத்து. கட்ட வேண்டியதே இல்லை. இது தெரிந்திருந்தால் அந்தப் பெரியவர் விழுந்திருக்க மாட்டார், எழுந்து நடந்திருப்பார்.

மீட்பதோடு விஷயம் முடிவதும் இல்லை. 'விடுதலைச் சான்றிதழ்' என்று ஒரு காகிதம் உண்டு. அதைக் கொடுத்தால்தான் உடனடி உதவியாக 30 ஆயிரம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் என்று மறுவாழ்வுத் தொகையும் உண்டு. ஆனால் அந்தப் பெரிய தொகையை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கோ வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை வாய்தா எப்போது என்று கேட்டுச் சொல்ல, சாட்சி சொல்லக் கூட்டிக்கொண்டு போக, ரேஷன் கார்டு வாங்கித் தர யாராவது கூட நிற்க வேண்டும். நிற்காவிட்டால்? கையில் காசு இல்லாதவன் திரும்ப முன்பணம் வாங்கத்தான் போவான்.

பக்கத்து திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி முன்னின்று நடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் செய்வது இந்த வேலையைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதுவது. ஆபீசுக்குக் கூடப் போவது. பதில் வரவில்லை என்றால் மறுபடியும் போவது. இதில் வீரமும் இல்லை, விளம்பரமும் இல்லை.

குப்பத்துக் கணக்கு

கடலோரக் குப்பங்களில் நிலைமை பரவாயில்லை. தேவனேரி, கொக்கிலமேடு என்று எந்தக் குப்பத்தில் கேட்டாலும் ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்பதும், தடைக்கால நிவாரணம் 5 ஆயிரத்தில் இருந்து 8 ஆயிரம் ஆக உயர்த்தப்பட்டதும் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. கூட்டுறவு சங்கம் இருக்கிறது. பட்டியலில் பேர் விட்டுப் போனால் அன்று சாயங்காலமே கூட்டம் கூடிவிடும்! சிங்கப்பெருமாள்கோவில், மறைமலைநகர் பக்கம் வாடகை அறையில் பத்து பேராகக் கிடக்கிற காண்டிராக்ட் தொழிலாளிக்கு அந்தப் பஞ்சாயத்து இல்லை. சம்பளச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது என்பதே சிலருக்குத் தெரியவில்லை. பிடித்த பி.எப். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று கேட்கவும் பயம். கேட்டால் நாளைக்கு வேலை இல்லை.

வாசல் திறந்திருக்கிறது

சரி, இலவசமாக ஆலோசனை சொல்ல அரசாங்கத்தில் இடமே இல்லையா? இருக்கிறது.

செங்கல்பட்டு கோர்ட்டு வளாகத்துக்குப் போங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு அங்கே இருக்கிறது. தாலுகா கோர்ட்டு உள்ள ஊர்களில் வட்ட சட்டப் பணிகள் குழு. 1987-ல் சட்டம் போட்டு, 1995 நவம்பர் 9-ந் தேதி அமலுக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், கொத்தடிமையாக இருந்தவர்கள், வெள்ளம், புயலில் அடிபட்டவர்கள் - இவர்களுக்கு வக்கீல் இலவசம். வருமானம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. போனில் 15100 என்று அடித்தாலும் ஆலோசனை கிடைக்கும்.

'நான் பெண், எனக்கு இலவச வக்கீல் உண்டு' என்பது எத்தனை சித்தாளுக்குத் தெரியும்? நான் வேப்பமரத்தடியில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மனு எழுதிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கலாம். சொன்னால் அவர் நூறு ரூபாய் என்ன ஆவது!

2009-ல் இருந்து 'சட்டம் சார்ந்த தன்னார்வலர்கள்' என்று ஒரு ஏற்பாடும் உண்டு. ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், மாணவர், படித்த குடும்பத் தலைவி என்று யாரும் சேரலாம். பயிற்சி கொடுத்து கிராமத்துக்கு அனுப்புகிறார்கள். ஜெயிலில் இருக்கிற கைதிகளில்கூடத் தன்னார்வலர்கள் உண்டு. நல்ல யோசனை. இவர்களில் ஒருவர் திங்கட்கிழமை தோறும் அந்த வாசலில், போலீஸ் பை சோதனை போடுகிற மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. செலவு ஒரு மேஜை, 2 நாற்காலி.

இங்கிலாந்தில் 1939 செப்டம்பரில் ஜெர்மனி மீது யுத்தப் பிரகடனம் செய்த மறுநாளே, ஜனங்களுக்கு யோசனை சொல்ல 200 இடங்களில் ஆலோசனை நிலையம் திறந்தார்கள். ரேஷன் கார்டு தொலைந்ததா, குண்டு விழுந்து வீடு போனதா, யுத்தத்துக்குப் போன புருஷனிடம் இருந்து தகவல் இல்லையா, போய்க் கேட்கலாம். குதிரை ஏற்றிச் செல்லும் வண்டியைக்கூட அதற்குப் பயன்படுத்தினார்களாம். குண்டு போடுகிற காலத்திலேயே அவர்களுக்கு நாற்காலி கிடைத்திருக்கிறது.

ஒரு மடித்த காகிதம்

மதியம் 2 மணி. மனு கொடுத்துவிட்டு அந்த அம்மாள் வெளியே வந்தார். கையில் ஒரு ரசீது. டீக்கடையில் கட்டிடத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தேன். நிருபர் செய்ய வேண்டிய வேலை இல்லைதான். இருந்தாலும் செய்தேன்.

"பையில வேற என்னம்மா இருக்கு? எல்லாத்தையும் எடுங்க" என்றார் அவர்.

ரேஷன் கார்டு. ஆதார். பழைய வாரிய அட்டை. பெண் குழந்தையின் பள்ளிக்கூட அட்டை. ரேஷன் கார்டு உறைக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம். அவர் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார்.

ஏ.ஆர். காப்பி. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தது மேஸ்திரி இல்லை. கூட வேலை செய்த இன்னொரு சித்தாள். டாக்டர் கேட்டபோது அந்தப் பெண் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். 'கட்டிட வேலையின்போது சாரத்தில் இருந்து விழுந்து' என்று அதில் தெளிவாக இருந்தது. எப்.ஐ.ஆர். நம்பரும் ஓரத்தில் இருந்தது.

"இது என்ன பேப்பர்னு யாராச்சும் கேட்டாங்களாம்மா?"

"இல்ல சார். தூக்கிப் போடலாம்னுதான் இருந்தேன். அவரு பேரு இருக்கேன்னு வச்சிருந்தேன்."

சங்கத்துக்காரர் ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். போலீஸ் நிலையத்தில் எப்.ஐ.ஆர். காப்பி. ஆஸ்பத்திரியில் பிணப் பரிசோதனை அறிக்கை. தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ். அதன் பிறகு தொழிலாளர் உதவி கமிஷனர் சமூகப் பாதுகாப்புத் திட்ட ஆபீசு. பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எந்தக் கிழமை போனால் அதிகாரி இருப்பார் என்றும் எழுதினார். காப்பி எடுக்காமல் எந்த மூலக் காகிதத்தையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். டீக்காசையும் அவரே கொடுத்தார்.

அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணினார். "நாலு நாள் கூலி போயிடும் சார்."

"போவட்டும்மா."

திருக்கழுக்குன்றம் பஸ் வந்தது. மடித்த காகிதத்தை ரேஷன் கார்டு உறையில் வைக்காமல், ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ஏறினார்.